நியூட்ரல் விட்ட வீடு

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் வயரிங் வேலை பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கரன்ட் வருகிற ஃபேஸ் வயர் என்றால் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு அதைவிடப் பயம், கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரலிடம்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து போன் வந்தது. "அண்ணா, ஃபேன் ஒண்ணுல வெச்சாலே பிச்சுக்கிட்டு சுத்துது. பல்பு கண்ணைப் பறிக்குது. கீழ் வீட்ல கேட்டா அவங்களுக்கு வோல்டேஜே இல்லையாம்."

"அக்கா, மெயினை உடனே இறக்குங்க. எதையும் தொடாதீங்க" என்றேன். அவர் போவதற்குள் டிவியில் பட்டென்று சத்தம். போனிலேயே எனக்குக் கேட்டது.

மூன்று மாடி வீடு. மாடிக்கு ஒரு ஃபேஸ், மூன்றுக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல். மேல் வீட்டுக்காரர்கள் மெயினை இறக்கிவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். கீழே மீன் வியாபாரம் செய்கிற குடும்பம். பெரிய ஃப்ரீசர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஓடும். நடு வீட்டில் ஃபேன், டிவி, இரண்டு பல்பு.

பொது நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு வீட்டுச் சாமான்களும் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் ஒரே வரிசையில் மாட்டிக்கொள்ளும். 240 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 415 வோல்ட்டை அவை பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கில் நியாயமே கிடையாது. ஒரு பக்கம் 2000 வாட் ஹீட்டர், மறுபக்கம் 100 வாட் குண்டு பல்பு என்று வையுங்கள். கணக்குப்படி பல்புக்கு 395 வோல்ட், ஹீட்டருக்கு வெறும் 20. லோடு குறைவாகப் போட்ட வீடுதான் எரியும். கரன்ட் அதிகமானால் தானே இறங்குகிற எம்சிபி சுவிட்சும் இறங்காது, ஏனென்றால் அது பார்ப்பது ஆம்பியரை, வோல்ட்டை அல்ல. கரன்ட் கசிந்தால் இறங்குகிற ஆர்சிசிபியும் பேசாமல் இருக்கும், வெளியே கசிவு எதுவும் இல்லையே.

நான் போனபோது நடு வீட்டு மெயின் இறங்கியிருந்தது. கீழ் வீட்டில் எதுவும் ஓடவில்லை. "கரன்ட் போயிடுச்சு, நல்லவேளை" என்று அந்த வீட்டுப் பையன் ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கப் போனான். "தம்பி, கையை எடு" என்று கத்திவிட்டேன். திரும்பிப் போக வழியில்லாத கரன்ட் நியூட்ரலிலும் நின்றது; டெஸ்டரை வைத்தால் பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. மீட்டர் போர்டில் நியூட்ரல் பட்டைக்கும் எர்த்துக்கும் நடுவே 238 வோல்ட். கறுப்பு வயர்தானே என்று யாரும் கை வைக்கிற பட்டை அது.

சப்ளையை முழுசாக நிறுத்தி, மறுபடி டெஸ்ட் செய்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே வரும் கேபிள் அலுமினியம், பட்டை பித்தளை. நடுவில், கேபிள் நுனியைப் பட்டையோடு மாட்டுகிற ஒரு சாதாரண லக். கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் லக்கைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்தது. ஸ்லீவ் உருகிக் கருகியிருந்தது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை, போல்ட் விரலில் சுழன்றது. ஒரே நாளில் இப்படி ஆகாது. மாசக்கணக்கில் லூசாகி, சூடாகி, மறுபடி லூசாகி வந்திருக்கும். கிரைண்டர் போட்டால் அடுத்த வீட்டு பல்பு பளிச்சென்று தூக்கி எரிகிறது என்று அந்த அக்கா முன்பே யாரிடமோ சொல்லியிருக்கிறார். ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்த ஒரு பேச்சிலேயே நோய் தெரிந்திருக்க வேண்டும்.

கருகிய நுனியை வெட்டி, சுரண்டி, இரண்டு உலோகத்துக்கும் பொருந்துகிற பைமெட்டல் லக் போட்டு, அழுத்தி கிரிம்ப் செய்தேன். அப்புறம், பழைய போர்டில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். அது எரிந்தாலும் நியூட்ரல் விட்ட கதைதான். நியூட்ரலில் தனி ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956 மின்சார விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். வடசென்னையின் பழைய வீடுகளில் இன்னும் அதைப் பார்க்கிறேன், பார்க்கிற இடத்திலெல்லாம் எடுக்கிறேன்.

மதியம் சப்ளை கொடுத்தோம். இரண்டு வீட்டிலும் 238. கீழே ஃப்ரீசர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. நடு வீட்டு அக்கா மட்டும் டிவியைப் பார்த்தபடி நின்றிருந்தார். அதற்கு இன்னும் ஏழு மாசத் தவணை பாக்கி.