மாலத்தீவில் பிடிபட்ட போட்டை மீட்க அலைந்த அலைச்சல்

போட் தேங்காப்பட்டணத்தில் வந்து கட்டியாச்சு, ஆட்களும் வீடு சேர்ந்தாச்சு. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கம் இனி ஒரு போட் மாட்டினால் இத்தனை நாள் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். எங்கள் போட்டை மாலத்தீவுக்காரர்கள் பிடித்தது எட்டாம் டிகிரி கால்வாயில். நம் லட்சத்தீவின் மினிக்காய்க்கும் மாலத்தீவின் வடகோடித் தீவுகளுக்கும் நடுவே 70 கடல் மைல் சொச்சம்தான். கரையிலிருந்து 200 மைல் வரை நம் கடல் என்ற கணக்கு அங்கே செல்லாது, இரண்டு நாடும் 1976-இல் போட்ட எல்லைக்கோடுதான். ஆயிரங்கால் தூண்டிலை (நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டியது) விட்டு எட்டு மணி நேரம் கிடந்தால், மணிக்கு ஒன்றரை கடல் மைல் ஓடும் நீவாடு (நீரோட்டம்) 12 மைல் இழுத்துப் போய்விடும். "நாங்க நம்ம பக்கம்தான் போட்டோம்" என்று போட்டை ஓட்டும் ஸ்ராங்கு சொல்வது பொய்யில்லை, ஆனால் எடுபடாது. மீன் அறையில் சுறா கிடந்தால் இன்னும் மோசம், மாலத்தீவு 2010-இல் சுறா பிடிப்புக்குத் தடை போட்ட நாடு.

மீன்வளத் துறைக்குத் தகவல், கலெக்டருக்கு மனு, பங்குத்தந்தை கடிதம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மனுவில் ஒரு வரி மறக்காமல் சேருங்கள்: ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, பிரிவு 73. நியாயமான பிணைத்தொகை கட்டினால் போட்டையும் ஆட்களையும் தாமதமில்லாமல் விட வேண்டும், நாடுகளுக்குள் தனி ஒப்பந்தம் இல்லாதவரை மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது என்கிறது அது. இந்தியாவும் மாலத்தீவும் அதை ஏற்ற நாடுகள்.

சிக்கல் ஆட்கள் பட்டியலில் தொடங்கியது. கடலுக்குப் போகும்போது கொடுத்த பட்டியலில் வங்காளப் பையன்கள் இரண்டு பேருக்கு எழுதியிருந்தது போட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் வேறு பெயர். பாஸ்போர்ட் இல்லாத ஆளை விமானத்தில் அனுப்ப மாலேயில் உள்ள நம் தூதரகம் ஒருவழிப் பயணச் சான்று கொடுக்கும், ஆனால் பெயர் ஒத்துப்போக வேண்டும். அவர்கள் ஊர் போலீஸ் வழியாக அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. எல்லோருடைய ஆதாரையும் போட்டோ எடுத்துக் கரையில் ஒருவர் போனில் வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது ஆர்.சி., அதாவது போட்டின் பதிவுச் சான்று. போட்டில் மூன்று பங்கு, ஆர்.சி. இருப்பதோ வளைகுடாவில் வேலை செய்யும் பங்காளி பெயரில். "ஓனர் நேரில் வரணும்" என்றார் கிளார்க். அதிகாரப் பத்திரம் கொண்டுபோனால், வளைகுடாவில் உள்ள நம் தூதரகத்தின் முத்திரை இல்லை என்று திருப்பினார். முத்திரையோடு போன அன்று இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. இன்ஜின் மாற்றியபோது யாரும் ஆர்.சி.யில் திருத்தவில்லை. கடைசிக் குற்றம் எங்களுடையது. ஆனால் மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா!

பிறகு அபராதம். வந்த தாள் மாலத்தீவு மொழியான திவேகியில், வலமிருந்து இடமாகத் தானா எழுத்தில் இருந்தது. வங்கியில் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு "இது அரபியா?" என்றார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் முத்திரை வாங்கித் தரச் சொல்லித் தூதரகத்தை முதலிலேயே கேளுங்கள். தனி ஆள் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேலான தொகைக்கு 20 சதவீதம் வரியாகப் பிடிக்க வாய்ப்புண்டு. வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். பங்காளிகள் ஆளுக்கொரு பகுதி அனுப்பலாமா என்று மேனேஜரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

"மாலத்தீவு வேண்டாம், இன்னும் தெற்கே போவோம்" என்று சிலர் பேசுவது காதில் விழுகிறது. செஷல்ஸ், மொரீஷியஸ், மடகாஸ்கர், கொமொரோஸ், பிரான்சின் ரீயூனியன் ஐந்தும் இந்தியப் பெருங்கடல் ஆணையம் என்ற ஒரே அமைப்பில் இருக்கின்றன. 2007 முதல் கூட்டு ரோந்து நடத்தி, படகு இருக்கும் இடத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. ஓரிடத்தில் கண்ணில் பட்டால் அடுத்த தீவுக்கும் தெரியும். பிரிட்டன் கையில் இருக்கும் தியாகோ கார்சியா தீவுப் பக்கம் போனால் அபராதம் பவுண்டில். தீவு யாருக்கு என்று மொரீஷியஸும் பிரிட்டனும் 2025-இல் ஒப்பந்தம் போட்டிருந்தாலும், அது அமலுக்கு வரும்வரை பிரிட்டன் நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். மனுவை மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அபராத ரசீதின் மூலப்பிரதியைத் தொலைக்காதீர்கள். இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் சட்டவிரோதப் படகுப் பட்டியலில் பெயர் ஏறினால், அந்த ஆணையத்தில் உள்ள மற்ற நாடுகளின் துறைமுகங்களில் சாதாரணமாக ஒதுங்க விடமாட்டார்கள். நீக்கச் சொல்லி எழுத வேண்டியது டெல்லி, நாம் இல்லை. டெல்லி கேட்கும் முதல் தாள் அந்த ரசீதுதான்.

திரும்பும் நாள் டீசலும் தண்ணீரும் ஏற்ற அனுமதி வாங்குவது தனி வேலை, அதையும் விடுவிப்புக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தூண்டில் திரும்பி வரவில்லை. பிடித்தபோது எத்தனை கூடைத் தூண்டில், எத்தனை மிதவை என்று ஸ்ராங்கு கையெழுத்து வாங்கி வைக்கவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை.