பெயர் வெளியிட விரும்பாத

அந்தப் பேட்டியில் அவர் பெயரைப் போடாதது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ‘பெயர் வெளியிட விரும்பாத பத்திரிகையாளர்’ என்று போட்டோமே, அதுதான் இடிக்கிறது. அவர் விரும்பினார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்காக எங்கள் மாத இதழில் எடுத்த பேட்டி அது. யாங்கூனில் நிருபராக இருந்த பர்மா தமிழர். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து, மார்ச் 8 அன்று மிஸ்ஸிமா, மியான்மர் நவ் உட்பட ஐந்து ஊடகங்களின் உரிமத்தை ரத்து செய்ததும் எல்லை தாண்டித் தாய்லாந்தின் மே சோட்டுக்குப் போய்விட்டார். சிறையில் இருக்கும் சக நிருபர்களுக்காகத் தூதரகங்களுக்கு மனு எழுதுவதும் கூட்டங்களில் பேசுவதும்தான் இப்போது அவர் வேலை. அம்மா மட்டும் யாங்கூனிலேயே இருக்கிறார். தேடி வந்த ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அங்கே நடக்கிற விஷயம்.

“அம்மா அங்கதானே இருக்காங்க தம்பி?” என்றேன்.

“அம்மாகிட்ட கேட்டுட்டேன் அண்ணே. போட்டுக்கோன்னுட்டாங்க.”

“நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?”

“உள்ள இருக்கறவங்க பேரைச் சொல்லுங்க, எழுதுங்கன்னுதான் நாங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டு இருக்கோம். பேர் தெரியாத கைதிக்காக யாரு அண்ணே மனு போடுவா? இதுல என் பேரை நானே மறைச்சா எப்படி?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் பாரதியை இழுத்தேன். புதுச்சேரிக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பாரதி வந்துவிடுவார். 1908இல் ‘இந்தியா’ பத்திரிகை மீது வெள்ளைக்காரன் வழக்குப் போட்டபோது உள்ளே போனது ஆசிரியர் என்று பதிவில் பெயர் இருந்த சீனிவாசன். எழுதிய பாரதி இங்கே வந்து சேர்ந்தார், பத்து வருஷம் இருந்தார், 1918இல் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். காகிதத்தில் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா என்கிற தோரணையில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தச் சீனிவாசன் அப்புறம் என்ன ஆனார் அண்ணே?” என்றார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதி வீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் எத்தனை பேரை அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன், எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை.

அப்புறம் அவரே பேச்சை மாற்றினார். மியான்மர் நவ் புகைப்படக்காரர் சாய் ஸா தைக் பற்றிச் சொன்னார். 2023 மே மாதம் மோக்கா புயல் மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் அடித்த பிறகு சேதத்தைப் படம் எடுக்கப் போனவர். பிடித்து, இன்செய்ன் சிறைக்குள்ளேயே ராணுவ நீதிமன்றம் நடத்தி, 20 வருஷம் கொடுத்தார்கள். புயல் சேதத்துக்கு 20 வருஷம். தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலாவையும் முந்திரியையும் நான் படம் எடுத்துக்கொண்டே போனேன், தடுத்த ஒரே ஆள் ஒரு பெரியவர், “படம் எடுத்தா நஷ்டஈடு வருமா தம்பி?” என்று கேட்டவர். பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அந்த நிலையில் நின்றுகொண்டு இன்னொருவரின் பயத்தை நான் தீர்மானித்தேனோ என்று ஒரு சமயம் தோன்றும். தெரியாதவன்தானே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இன்னொரு சமயம் தோன்றும்.

ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். “வம்பு எதுக்குப்பா, பேரை எடுத்துடு.” எங்கள் இதழை யாங்கூனில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நம்ம நிருபர் சிரித்தார். இணையத்திலும் ஏறுகிறது, கைபேசியே மொழிபெயர்த்துவிடுகிறது என்றேன். உண்மைதான். ஆனால் அவர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் சொந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருப்பவர், தேடினால் கிடைக்கும். அதில் அம்மா வரவில்லை, எங்கள் பேட்டியில் பாதி அம்மாதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கம் கட்டும் பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “அப்ப அம்மாவை வெட்டிட்டுப் பேரை வெச்சுடலாமே சார்?”

மகன் போன பிறகும் அந்த அம்மா இரவில் வாசல் விளக்கைப் போடாமல் இருப்பது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் சிங்கப்பூரில் கப்பல் வேலை என்று சொல்வது, அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி மாதாமாதம் சம்பளக் கதை ஒன்றும் சேர்த்துச் சொல்வது. பேட்டியிலேயே நன்றாக வந்திருந்த பகுதி அதுதான். படித்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். வெட்ட மனசு வரவில்லை. விளக்கு, கப்பல் என்று சில விவரங்களை மாற்றிவிடலாம் என்றும் பார்த்தேன், மாற்றினால் உயிர் போய்விடுகிறது. பெயரைவிட அதுதான் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இப்போதும் வாதாடுவேன்.

இதழ் வந்ததும் பிடிஎஃப் அனுப்பினேன். “யாரு அண்ணே இந்த விரும்பாதவர்?” என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. கோபமா கிண்டலா தெரியவில்லை. ‘பெயரை நாங்கள் வெளியிடவில்லை’ என்று போட்டிருந்தால் ஏன் என்று வாசகர் கேட்பார், பதில் சொல்ல வேண்டிவரும்.

இந்த வருஷமும் மே வரப்போகிறது. “அந்தப் பையன்கிட்ட ஒரு கட்டுரை வாங்குப்பா” என்கிறார் ஆசிரியர். பெயர் போடுவோமா சார் என்று கேட்டேன்.

“அம்மாவைப் பத்தி எழுதுவானா?” என்றார்.