யார் சொன்னது?

தூதரகத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்த முதல் வருடம். எந்த நாடு என்பது வேண்டாம். டெல்லிக்குப் போகவேண்டிய தந்தியில் "நிதி அமைச்சர் பதவி விலகுகிறார்" என்று தூதர் சொன்னபடி டைப் அடித்திருந்தேன். படித்துப் பார்த்தவர் பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, "அமைச்சரின் மைத்துனர் நேற்று விருந்தில் சொன்னார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது" என்று எழுதினார். "தம்பி, கேட்டது வேறு, நான் நினைப்பது வேறு. அங்கே படிக்கிறவருக்கு ரெண்டும் தனித்தனியா தெரியணும்" என்றார்.

காட்பாடியில் என் அம்மா இதைப் பேச்சிலேயே செய்துவிடுவார். "மாமா வர்றார்" என்றால் கடிதம் வந்திருக்கிறது. "வர்றாராம்" என்றால் யாரோ சொல்லக் கேட்டது. அந்த 'ஆம்' ஆங்கிலத் தந்தியில் கிடையாது. ஒவ்வொரு முறையும் நாமாக எழுதியாக வேண்டும். அது விழுந்துவிட்டால் விருந்தில் கேட்ட பேச்சு, டெல்லியில் மூன்று மேசை தாண்டுவதற்குள் உறுதியான தகவல் ஆகிவிடும்.

ஒழுங்காக எழுதினாலும் சில சமயம் எடுபடாது. 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பெய்ஜிங்கில் நம் தூதர் கே.எம். பணிக்கரைச் சீனப் பிரதமர் சூ என்லாய் கூப்பிட்டு, அமெரிக்கப் படை வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது இணைகோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்றார். யார், எங்கே, எப்போது சொன்னது, எல்லாம் தெளிவு. செய்தி வாஷிங்டனுக்கும் போனது. பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே மாதம் சீனப் படை எல்லையிலிருக்கும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்தது.

வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நடக்கும்போது எனக்கு முஸ்தபா பேக் ஞாபகம் வரும். 1806இல் சிப்பாய்கள் கிளர்ச்சிக்குத் திட்டமிடுவதை முன்கூட்டியே வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னவர். விசாரிக்கும் பொறுப்பு அதே படையின் இந்திய அதிகாரிகளுக்கே போனது. பொய் என்றார்கள், சொன்னவரை அடைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது. என் மனம் சிப்பாய்கள் பக்கம்தான். ஆனாலும் சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரை எடைபோட்ட அந்தத் தவறு கண்ணில் படாமல் இருக்காது.

அப்புறம், அந்த நிதி அமைச்சர் விலகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தூதர் என்னைக் கூப்பிட்டு, பழைய தந்தியின் எண்ணைக் குறிப்பிட்டு, "மைத்துனர் சொன்னது நடக்கவில்லை" என்று ஒரு வரித் தந்தி அடிக்கச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவராகவே அனுப்பினார்.