புளிசாதத்தில் மணல்

அபுதாபிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஊரில் கேட்டால் "பாலைவனத்தில் இருக்கிறேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். உண்மையில் ஏசி அறை, ஏசி கார், ஏசி ஆபீஸ் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை. போன ஜனவரியில்தான் நண்பர்கள் நாலு பேர், இரண்டு வண்டி, இரண்டு நாளைக்குப் புளிசாதம் என்று லிவாவுக்குக் கிளம்பினோம்.

லிவா என்பது பிறை மாதிரி வளைந்து கிடக்கும் பேரீச்சைத் தோப்புகள். அதற்குத் தெற்கே ருப் அல் காலி ஆரம்பிக்கிறது. சவூதி, ஓமான், ஏமன், அமீரகம் என நாலு நாட்டிலும் பரவிய சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. தார் ரோடு முடிந்த இடத்தில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். டயர் தட்டையாகி அகலமாக மிதித்தால்தான் வண்டி புதையாது.

கூடாரம் போட்டதும், எதிர் மேட்டில் ஏறி சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்றேன். பத்து நிமிட நடைதான் என்று தோன்றியது. நாற்பது நிமிடம் ஆனது. தூரத்தைக் கணக்குப் போட ஒரு மரம், ஒரு கரண்ட் கம்பம்கூடக் கிடையாது. கண் நன்றாக ஏமாறுகிறது. போதாக்குறைக்குத் தப்பான பக்கத்தில் ஏறிவிட்டோம். காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகி, சரிவும் குறைவாக இருக்கும். மறுபக்கம் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் போயே விட்டது. ஆனாலும் யாரும் பேசவில்லை. நாலு பக்கமும் மேடு, அதற்கப்பால் மேடு, நடுநடுவே வெளிறிய உப்புத் தரை. கீழே எங்கள் வண்டிகள் இரண்டு எறும்பாகத் தெரிந்தன.

அன்று ராத்திரி பல் கிட்டிக்கும் குளிர். விடிந்தால் பனிமூட்டம், கூடாரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பாலைவனத்தில் நனைந்துபோய் எழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னால் நம்புவாரா?

இரண்டாம் ராத்திரிதான் ஷமால் வந்தது. வடமேற்கிலிருந்து வீசும் காற்று. பதினொரு மணி வாக்கில் கூடாரத்தின் ஒரு பக்கம் படுத்துக்கொண்டது. மணலில் முளை நிற்காது, பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றோடு புதைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. வலைத் துணி வழியாக மாவு சலித்த மாதிரி மணல் உள்ளே இறங்கியது. காதில், மூக்கில், தூங்கிக்கொண்டிருந்தவன் வாயில். கடைசியில் நாலு பேரும் ஒரே வண்டிக்குள் உட்கார்ந்து விடியும்வரை கதவு மேல் மணல் உரசும் சத்தத்தைக் கேட்டோம்.

காலையில் எங்கள் கால் தடம் இல்லை, டயர் தடம் இல்லை, என் ஒரு செருப்பும் இல்லை. ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் திரும்பினோம். மிச்சமிருந்த புளிசாத டப்பாவைத் திறந்த நண்பன் ஒரு வாய் போட்டான். நறநறவென்று சத்தம். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான்.