மியூட் பொத்தான்

நான் மிக்ஸிங் செய்த முதல் முழு ஆல்பம் அது. பாடகிக்கும் அதுதான் முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு. கிட்டார், குரல், ஒரு தரம் கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, பின்னால் சிந்தசைசரில் (சுருக்கமாக சிந்த்) மெலிதாக எலக்ட்ரானிக் ஒலிகள். "சிந்த் இருக்கணும், ஆனா இருக்கறது தெரியக் கூடாது அண்ணா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான்காவது பாட்டைத் திறந்தால் சிந்த்துக்கு மட்டும் 11 ட்ராக். ஒவ்வொன்றாக மியூட் செய்து, அது இல்லாமல் குறை தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அதில் ஒரு கோளாறு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எதை நிறுத்தினாலும் அந்த நொடி காது துணுக்குறும், மின்விசிறி நின்றால்கூட. அதனால் மாலையில் மியூட் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். மறுநாள் காலையில் பாட்டை ஓடவிட்டு, எதையாவது தேடுகிறேனா என்று கவனிப்பேன். எட்டு ட்ராக்கை நான் தேடவே இல்லை.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்றில்தான் சறுக்கினேன். அடியில் மங்கலாக ஓடிய ஒரு பேட், அதாவது இழுத்துப் பிடித்த பின்னணி ஒலி. ஒரே இரைச்சல், சுருதியும் லேசாக ஆடியது. அதே ஸ்வரங்களைச் சுத்தமான சிந்த்தில் வாசித்து மாற்றி அனுப்பினேன். "யாரோ பாடுற மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது சிந்த்தே இல்லை. அவர் போனில் பதிவு செய்த சொந்த முனகல். பாதி வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார், ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டது. பாடுகிற குரலுக்கு அடியில் அதே குரல்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கேட்காமல் மாற்றியது என் தப்பு.

திரும்பக் கொண்டுவந்தால் வேறு தலைவலி. குரலின் கனமும் கிட்டாரின் உடலும் இந்த முனகலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான அதே சந்துக்குள் முட்டிக்கொண்டன. ஏற்றினால் சொற்கள் மூழ்கின, இறக்கினால் முனகலே காணோம். கடைசியில் சைட்செயின் போட்டேன்: அவர் பாடும்போது அந்தப் பகுதியில் முனகல் 2 டெசிபல் இறங்கும், மூச்சு வாங்கும் இடைவெளியில் மெல்ல ஏறும். நடன இசையில் இதே உத்தியைக் கிக் ட்ரம்முக்காகப் பாட்டே அலையடிக்கிற மாதிரி பகிரங்கமாகச் செய்வார்கள். இங்கே தெரிந்தால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம்.

மாஸ்டரிங் என்கிற கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பின்போது எல்லோரையும் போல அவரும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஸ்பாட்டிஃபை சாதாரணமாகப் பாட்டுகளை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்கவிடும். −8 வரும்படி ஏற்ற இறக்கத்தை நசுக்கிக் கொடுத்தால் 6 டெசிபல் குறைத்துவிடும், நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். நசுக்கியது, நசுக்காதது இரண்டையும் ஒரே சத்தத்தில் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

வெளியான வாரம் ஒரு நண்பர் கேட்டுவிட்டு, "வெறும் கிட்டாரை வச்சே நிரப்பிட்டீங்களே" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே பாடகியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மூணு மாசம் அந்தச் சிந்த்தோட மல்லுக்கட்டினேன் அண்ணா. ஒருத்தருக்குக்கூடவா கேக்கல?"