மழை நாள் வாசிப்புக்கு எந்த இசை?

ஏற்காட்டில் இரண்டு நாட்களாக மழை விடவில்லை. எங்கள் வீட்டின் முன்கட்டுக்குத் தகரக் கூரை என்பதால், மழை வலுக்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு நடுவே, படிக்கும்போது எந்த இசையை ஒலிக்கவிடுவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எனக்கு எழுகிறது.

பாட்டு சரிப்படாது. தமிழ்ச் சொற்கள் காதில் விழுந்ததும் கண் வரியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே பத்தியை மூன்று முறை படித்துவிட்டு, கடைசியில் சரணத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஆகவே கருவியிசைதான். அதிலும் வீணையின் மெல்லிய கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, கூரையின் இரைச்சல் விழுங்கிவிட, புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி மட்டும் அதைத் தாண்டி வந்து சேர்கிறது.

மழைக்கு அமிர்தவர்ஷினி ராகம் என்பார்கள். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அதைப் பாடி மழையை வரவழைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள். ஆனால் அதன் துள்ளல் என்னை நாற்காலியில் இருக்கவிடாது. (தவிரவும், பெய்துகொண்டிருக்கும் மழையை மேலும் அழைப்பானேன்? துணி காயவில்லை என்று வீட்டில் ஏற்கெனவே புகார்.) எனக்கு உகந்தது தாளம் சேராத, நிதானமான ஆலாபனை, மிருதங்கம் நுழைந்துவிட்டால் என் விரல்கள் புத்தக அட்டையின் மேல் தாளம் போடத் தொடங்கிவிடும்.

இன்று குழலில் ஆனந்தபைரவி ராக ஆலாபனையைக் குறைந்த ஒலியில் வைத்தேன். காப்பி ஆறிப்போனது, பதினோரு பக்கங்கள் நகர்ந்தன.