தோப்புக்குள் ஒரு வீடு, ஏசி இல்லாமல்

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக் குடிவந்து, ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஆடிக் காற்றையும் உள்ளே இருந்து பார்த்தாகிவிட்டது. இதேபோல் கட்ட நினைப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். மலையோரம் என்பதால் முதலில் பார்த்தது ஹாகா (HACA, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) கிராமப் பட்டியல். எங்கள் கிராமம் அதில் இல்லை. உங்கள் ஊர் இருந்தால் தனி அனுமதி வேண்டும், மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

வரைபடத்துக்கே ஐந்து மாதம் போனது, அது வீண் போகவில்லை. வடக்குச் சுவரில் வெயில் படாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை சூரியன் உச்சிக்கு வடக்கே தள்ளித்தான் போகிறது, அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வைத்தோம். மேற்குதான் பெரிய சிக்கல். ஜூனிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருவதும் அங்கிருந்துதான், சாயங்கால வெயில் அடிப்பதும் அங்கிருந்துதான். அடைத்தால் காற்று போச்சு, திறந்தால் வெயில். கடைசியில் மேற்கே ஆறடித் தாழ்வாரம் இறக்கி, அதன் வெளிவிளிம்பில் செங்கல்லாலேயே, காற்று நுழைய இடைவெளி விட்டு, ஜாலிச் சுவர் எழுப்பினோம்.

சுவர் முழுக்க ராட் ட்ராப் பாண்டு (rat-trap bond). கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை, செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்துவது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் மூன்று அங்குலம் வெற்றிடம் கிடைக்கும், அந்தக் காற்றுதான் வெயிலைத் தடுக்கிறது, செங்கல்லும் கால்வாசி மிச்சம். மேஸ்திரி முதல் வரியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நடுவுல பொந்து உட்டா சுவரு நிக்குமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. தோப்பு மூலையில் நாலடிக்கு நாலடி மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்தோம். கலவை பொந்துக்குள் விழாமலிருக்க அவரே மூன்று அங்குல அகலத்தில் ஒரு பலகைத் துண்டை நடுவில் வைத்துக் கலவை போட்டு, பலகையை உருவிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை.

இந்தச் சுவரில் ஒயரிங் பைப்பை மேலிருந்து கீழாகப் பொந்து வழியாகவே இறக்கலாம், குறுக்கே அறுக்கக் கூடாது. நான் ஊரில் இல்லாத ஒரு நாள், எலக்ட்ரீஷியன் சமையலறைச் சுவரைக் கட்டர் வைத்துக் குறுக்கே அறுத்துவிட்டார். குத்தாக நிற்கிற கல் மூன்று அங்குலத் தடிமன்தான், பாதி அறுத்தால் அது தாங்குமா? நான்கு வரியைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம், பத்து நாள் தாமதம். சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே என்பதெல்லாம் அஸ்திவாரத்துக்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிட வேண்டும்.

கூரை ஃபில்லர் ஸ்லாப், அதாவது காங்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதில் ஓடு. காங்கிரீட்டின் அடிப்பக்கம், கம்பிகளுக்கு நடுவில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தோம். ஓட்டு வேலை முடியும் வரை எங்கள் இஞ்ஜினியர் சென்டரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

சோலார் 3 கிலோவாட், மத்திய அரசு மானியம் ரூ.78,000. மொட்டை மாடியில் மதியத்துக்கு மேல் இரண்டு தென்னைகளின் நிழல் விழும். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம் என்பதால் மரத்தை வெட்டிவிடச் சொன்னார்கள். அப்பா வைத்த மரங்கள், இன்றைக்கும் காய்க்கின்றன. பேனலை மோட்டார் அறைக் கூரைக்கு மாற்றினோம், கேபிள் செலவு கூடியது, பரவாயில்லை. வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது.

மே மாதத்தில் இரவு மின்விசிறி மட்டும் போதுமானதாக இருந்தது. ஆடியில்தான் சாரல் ஜாலி வழியாகத் தாழ்வாரத்தில் பாதி வரை அடித்தது, அதற்கு மூங்கில் தட்டி சொல்லியிருக்கிறோம்.